இந்த வருஷம் படித்த சரித்திர நாவல்களில் உங்களை விடாமல் பிடித்துக்கொண்டது எது?

பத்தாயம்:

டிசம்பர் வந்துவிட்டது. எல்லோரும் படித்த புத்தகங்களை அடுக்கிப் படம் பிடித்துப் போடுகிறார்கள். இங்கே அது வேண்டாம். இந்த வருஷம் படித்த சரித்திர நாவல்களில் எது உங்களைப் பிடித்துக்கொண்டது, ஏன் என்று மட்டும் எழுதுங்கள். பழைய நாவலை மறுபடி எடுத்துப் படித்திருந்தாலும் கணக்கில் உண்டு.

நானே தொடங்குகிறேன். வருஷ ஆரம்பத்தில் எனக்கு ஒரு வீம்பு: ராஜாவைச் சுற்றி வரும் நாவலைத் தொடுவதில்லை. சோழரையும் பல்லவரையும் பள்ளிக்கூட நாளிலேயே தின்று தீர்த்தாகிவிட்டது. மூட்டை சுமந்தவன், கணக்கு எழுதினவன், ராத்திரி காவல் நின்றவன் எல்லாம் எங்கே வருகிறான் என்று பார்க்கலாமே என்று கிளம்பினேன்.

முதலிடம் சு. வெங்கடேசனின் 'காவல் கோட்டம்'. 2008இல் வந்தது, 2011க்கான சாகித்திய அகாதெமி விருது வாங்கியது. ஆயிரம் பக்கத்துக்கு மேல். மல்லாந்து படுத்துப் படித்தால் மூக்குக்கு உத்தரவாதம் இல்லை. பதினான்காம் நூற்றாண்டில் விஜயநகர இளவரசன் குமார கம்பணன் மதுரை மேல் படையெடுத்த காலத்திலிருந்து வெள்ளைக்காரன் போலீஸ் ஸ்டேஷன் வைத்த காலம் வரை போகிறது. நாயக்கர்கள் வருகிறார்கள், போகிறார்கள். ஆனால் கதை நிற்பது காவலையும் களவையும் இரண்டு கையாக வைத்திருந்த தாதனூர்க்காரர்கள் மேல்.

இதில் கோட்டை இடிக்கும் பகுதி ஒன்று போதும். கலெக்டர் பிளாக்பர்ன் மதுரைக் கோட்டைச் சுவரை இடித்து அகழியை மூடச் சொல்கிறார். 1840களின் நடப்பு. இடிக்கிறவனுக்கு அந்த இடமே சொந்தம் என்று ஆசை காட்டியும் ஊர் தயங்குகிறது, ஏனென்றால் சுவரில் காவல் தெய்வங்கள் இருக்கின்றன. கடைசியில் அந்தத் தெய்வங்கள் ஆள் மேல் வந்து இறங்கி, கோட்டையை விட்டு ஒவ்வொன்றாக வெளியேறுகின்றன. அதன் பிறகுதான் கடப்பாரை. ஒரு நிர்வாக உத்தரவு ஊருக்குள் இறங்கும்போது என்னவாகிறது என்பதை இவ்வளவு நன்றாகச் சொன்ன பக்கங்களை நான் வேறெங்கும் படித்ததில்லை.

சரி, உங்கள் முறை.

நூலகப்பூனை:

மூக்கு மேட்டர் உண்மை. நான் அதைத் தலையணை மேல் வைத்துக் குப்புறப் படுத்துப் படித்தேன். கழுத்து போனது.

கீழமாசி:

ஊர்க்காரன் என்ற முறையில் ஒரு வார்த்தை. மதுரையில் மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி என்று தினமும் சொல்லிக்கொண்டு ஆட்டோ பிடிக்கிறோம். அந்த இரண்டு பேரும் கோட்டை இடிப்பு வேலையை நடத்தியவர்கள். சுவர் நின்ற இடம்தான் இன்றைக்கு வெளி வீதிகள். கோயிலைச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று உள்ளேயிருந்து வருகிற அடுக்கில், மாசி தாண்டியதும் நாம் கோட்டை மேல் நடக்கிறோம் என்பது அந்த நாவலைப் படித்த பிறகுதான் காலுக்குத் தெரிந்தது.

ஆனால் பத்தாயம் அண்ணே, குறையும் சொல்லணும். நடுவில் ஒரு முந்நூறு பக்கம் நாயக்கர் பாளையப்பட்டு (நாட்டைப் பாளையக்காரர்களிடம் பிரித்துக் கொடுத்த ஏற்பாடு) விவரங்கள் ஆவணத்தை அப்படியே கொட்டின மாதிரி இருக்கிறது. யார் மகன் யார், யார் எப்போது பட்டத்துக்கு வந்தார் என்று நான் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்துக்கொண்டு படித்தேன். இன்னொன்று, களவுக்குப் போகிறவர்களின் சாமர்த்தியத்தை ரசிக்கிற ரசிப்பில், களவு கொடுத்தவன் வீடு கண்ணிலேயே படுவதில்லை. கன்னக்கோல் சுவரில் எந்த இடத்தில் இறங்குகிறது என்று துல்லியமாகத் தெரிகிறது. காலையில் அந்த வீட்டில் என்ன நடந்தது? அது தெரியவில்லை.

பத்தாயம்:

களவு கொடுத்தவன் பற்றிச் சொன்னது நல்ல கேள்வி. எனக்குத் தோன்றவே இல்லை. ஆனால் நாயக்கர் பகுதியை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பாளையப்பட்டு என்ற ஏற்பாடு புரியாமல், காவலுக்குக் கூலி வாங்கும் உரிமை ஏன் உயிருக்குச் சமம் என்று புரியாது. அந்த உரிமையைத்தான் வெள்ளைக்காரன் ஒரே காகிதத்தில் பிடுங்குகிறான்.

ஏரிக்கரை:

ராஜா வேண்டாம் என்று விரதம் இருப்பவர்கள் மன்னிக்கணும். நான் இந்த வருஷமும் 'பொன்னியின் செல்வன்' படித்தேன். ஐந்து பாகமும். சினிமா வந்த பிறகு எங்கள் வீட்டில் பிள்ளைகள் கேள்வி கேட்கிறார்கள், அதற்காகவாவது.

உங்கள் விரதத்தை வைத்தே கேட்கிறேன். வந்தியத்தேவன் ராஜாவா? நாடு போன வாணர் குலத்துப் பையன். கையில் ஓலை, இடுப்பில் கொஞ்சம் காசு, வயிற்றில் பசி, ஒரு குதிரை. ஆடிப்பெருக்கு அன்றைக்கு வீரநாராயண ஏரிக்கரையில் வாய் பிளந்து வேடிக்கை பார்க்கிறவன். கல்கி ராஜாவை வைத்துத் தொடங்கவில்லை, தபால்காரனை வைத்துத் தொடங்கினார். அரண்மனைக்குள் நாம் போவது எல்லாம் அவனோடு திருட்டு வழியாகத்தான்.

1950 முதல் 1954 வரை வாரா வாரம் எழுதியது. எங்கள் பாட்டி வீட்டில் பத்திரிகைப் பக்கங்களைக் கிழித்து பைண்டு பண்ணி வைத்திருந்தார்கள், ஓவியர் மணியம் வரைந்த படங்களோடு. அத்தியாயம் முடிகிற இடத்தில் எண்ணெய்க் கறை இருக்கும். அடுத்த வாரம் வரை பல பேர் கை மாறிய கறை.

பத்தாயம்:

தபால்காரன் என்று சொல்லி என்னை மடக்கப் பார்க்கிறீர்கள். அந்தத் தபால்காரன் கடைசியில் குந்தவையைக் கட்டுகிறவன், ஞாபகம் இருக்கட்டும்.

ஏரிக்கரை:

அது கல்கி கட்டிவைத்த கல்யாணம் இல்லை சார். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டிலேயே குந்தவையை வல்லவரையர் வந்தியத்தேவரின் மகாதேவியார் என்று வெட்டி வைத்திருக்கிறார்கள். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு ஒரு ஆளையே உண்டாக்கியிருக்கிறார், அதைப் பாருங்கள்.

மேற்குச்சுவர்:

கல்வெட்டுப் பேச்சு வந்தால் நான் சும்மா இருக்க மாட்டேன் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும்.

காட்டுமன்னார்கோயில் உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் கல்வெட்டு. ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டு. ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்கள் என்று பேர் சொல்கிற கல்வெட்டு அது: சோமன், ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராஜன், பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரமாதிராஜன். நந்தினி இல்லை. மீன் கொடி இல்லை. பழுவேட்டரையர் இல்லை. அதற்காகக் கல்கியைக் குறை சொல்லவில்லை. நந்தினியை அவர் கற்பனை செய்தது அவர் உரிமை.

எனக்கு உறுத்துவது வேறு. அந்தக் கல்வெட்டு கொலையைச் சொல்லவா வெட்டப்பட்டது? இல்லை. துரோகிகளும் அவர்கள் உறவினரும் வைத்திருந்த நிலம் பறிமுதலாகி, கைமாறி, கோயில் அறத்துக்குப் போன கணக்கு அது. நிலப் பத்திரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கொலை நடந்ததற்கும் இந்த ஆணைக்கும் நடுவே உத்தம சோழன் ஆட்சி முழுவதும் போயிருக்கிறது. அத்தனை வருஷம் அந்தக் குடும்பங்கள் அதே ஊரில் அதே நிலத்தில் உழுதுகொண்டு இருந்தார்களா? பெண் கொடுத்து எடுத்திருப்பார்களே, சம்பந்திகள் கதி என்ன? திடீரென்று ஒருநாள் சபை கூடி உன் நிலம் இனி உன்னுடையது இல்லை என்றால்? இந்தக் கதையை யாராவது எழுதினால் நான் முதல் ஆளாக வாங்குவேன். கொலைக்கு ஐந்து பாகம் இருக்கிறது, நிலத்துக்கு ஒன்றுமில்லை.

ஏரிக்கரை:

வேடிக்கை என்ன தெரியுமா? நாவல் தொடங்கும் அந்த ஏரிக்கு மிக அருகில்தான் அந்தக் கோயிலும் இருக்கிறது. கல்கிக்கு எல்லாம் தெரிந்துதான் குதிரையை அங்கே கொண்டுவந்து நிறுத்தினார் என்று நினைக்கிறேன்.

நூலகப்பூனை:

நான் எதிர்ப்பக்கம். இந்த வருஷம் சாண்டில்யனைத் திரும்ப எடுத்தேன், 'கடல் புறா'. கருணாகர தொண்டைமான் கலிங்கத்துப்பரணியில் வருகிற தளபதி, அவனை இளையபல்லவன் ஆக்கி ஸ்ரீவிஜயம் வரை கப்பலில் ஓட்டுகிறார். கடற்சண்டை வருகிற இடங்கள் இன்றைக்கும் பறக்கின்றன. வர்ணனை வருகிற இடங்களில் பத்துப் பத்துப் பக்கமாகத் தாண்டினேன். காஞ்சனாவும் மஞ்சளழகியும் ஒரு திரும்பு திரும்புவதற்குள் எனக்கு டீ ஆறிவிடுகிறது.

அவ்வளவுதான். மேலே சொல்ல ஒன்றுமில்லை.

கடற்கரைச்சாலை:

புதுச்சேரியிலிருந்து. என்னுடையது பிரபஞ்சனின் 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' இரண்டும் சேர்த்து. இரண்டாவதுக்குத்தான் 1995இல் சாகித்திய அகாதெமி கிடைத்தது. எனக்கு முதலாவது மேல் கொஞ்சம் பிரியம் அதிகம்.

இதைத் தனியாகப் படிக்காதீர்கள், ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்போடு படியுங்கள் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு இருக்கிறேன். 1736 செப்டம்பரில் எழுதத் தொடங்கியவர் கிட்டத்தட்ட சாகும்வரை விடவில்லை. 1761 ஜனவரி 12 அவர் போனார். நாலே நாளில் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போனது. பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளெக்சுக்குத் துபாஷ், அதாவது மொழிபெயர்ப்பாளரும் தரகரும். கவர்னர் காதில் என்ன விழுந்தது, கப்பலில் என்ன வந்தது, ஜவுளி என்ன விலை, யாருக்கு எத்தனை பீரங்கிக் குண்டு போட்டு மரியாதை செய்தார்கள், அன்றைக்கு எத்தனை நாழிகைக்கு மழை, எல்லாம் இருக்கும். அவருக்குத் தன் மரியாதை மேல் ஒரு கண் எப்போதும் உண்டு. துய்ப்ளெக்சின் மனைவி ழான் மீதுள்ள எரிச்சலை அவர் மறைப்பதே இல்லை. 1846இல் கல்லுவா மொம்ப்ரோன் என்ற பிரெஞ்சு அதிகாரி கண்டெடுத்துப் படியெடுத்திராவிட்டால் இதெல்லாம் நமக்கு இல்லை.

1748இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்ட சமயம் பிரெஞ்சுக்காரர்கள் வேதபுரீசுவரர் கோயிலை இடித்தார்கள். இன்றைய சம்பாக் கோயிலுக்கு அடுத்தாற்போல் இருந்த கோயில். நாட்குறிப்பில் அந்த நாட்களைப் படித்தால் கை நடுங்கும். பிள்ளை அதைப் பார்க்கிறார், பதைக்கிறார், எழுதுகிறார். ஆனால் கவர்னரிடம் வேலை பார்க்கிறவர். எதிர்த்து நின்றால் துபாஷ் வேலை என்னாவது, பாக்குக் கிடங்கு என்னாவது? ஊர் மகாநாட்டார் (சாதித் தலைவர்கள்) பற்றியும் அவருக்குக் கசப்பு. பிரபஞ்சன் இந்த இடத்தில் பிள்ளையை வீரனாக ஆக்கவில்லை, கோழை என்றும் தள்ளவில்லை. பெரிய வீட்டில் உட்கார்ந்து இடிக்கிற சத்தம் கேட்கிற ஒரு பணக்காரனாக விட்டுவிடுகிறார். அதுதான் எனக்கு இரண்டு நாவலிலும் ஆகப் பெரிய பக்கம்.

இன்னொன்று, நாட்குறிப்பில் தாசிகளும் அடிமைகளும் வண்ணார்களும் வருவார்கள், ஒரு வரி, அரை வரி. இன்னாருக்குச் சவுக்கடி கொடுத்தார்கள் என்று எழுதிவிட்டுப் பிள்ளை அடுத்த சரக்கு விலைக்குப் போய்விடுவார். பிரபஞ்சன் அந்த அரை வரியில் நிற்கிறார். அவனை ஏன் அடித்தார்கள், அடி வாங்கி வீட்டுக்குப் போனவனுக்கு யார் எண்ணெய் போட்டார்கள் என்று போகிறார். பத்தாயம் தேடுகிற ஆட்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.

ரங்கப்பிள்ளை வீதியில் அவர் மாளிகை இன்னும் நிற்கிறது. மார்க்கெட் பக்கம். வருகிறவர்கள் சொல்லுங்கள், காட்டுகிறேன்.

கீழமாசி:

அரை வரியில் நிற்கிறார் என்று எழுதினீர்களே, நாளைக்கே கடைக்குப் போகிறேன்.

மேற்குச்சுவர்:

துபாஷ் சார்பாக ஒரு வார்த்தை. அவர் நாட்குறிப்பை யாருக்காக எழுதினார் என்று யோசித்ததுண்டா? அச்சிடுவதற்கு இல்லை. சில இடங்களில் நாளைக்கு வம்பு வந்தால் காட்டிக்கொள்ள எழுதின மாதிரியே இருக்கும். நாவலாசிரியர் அதை நம்பலாமா?

கடற்கரைச்சாலை:

நம்பக்கூடாது. பிரபஞ்சனும் முழுதாக நம்பவில்லை என்பதுதான் என் கட்சி.

பினாங்குக்காரி:

இவ்வளவு தூரம் வந்தும் ஒருத்தரும் கடலைத் தாண்டவில்லை (சாண்டில்யன் கப்பலைக் கணக்கில் சேர்க்க மாட்டேன்). என் தேர்வு ப. சிங்காரம், 'புயலிலே ஒரு தோணி'. 1972இல் வந்தது. எடுத்தவுடன் ஜப்பான்காரன் மெடான் நகருக்குள் நுழைகிறான். பாண்டியன் நின்று பார்க்கிறான். அதற்கப்புறம் சுமத்ரா, பினாங்கு, இந்திய தேசிய ராணுவம், போர் முடிந்த குழப்பம்.

எங்கள் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு அந்தச் செட்டியார் வட்டிக்கடைப் பகுதிகள் தனி ருசி. கிட்டங்கி என்கிற கடைக் கூடத்தில் வரிசையாகப் பெட்டி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று ஒவ்வொருத்தருக்கும் ஒரு இடம், ஒரு பேச்சு. ஊரிலிருந்து பையனாக வந்தவன் பெட்டியடியில் தொடங்கி மேலே ஏறணும். போர் நடக்கும்போதும் வசூல் என்னாகும், கரன்சி என்னாகும் என்பதுதான் அங்கே கவலை. ஜப்பான் நோட்டு ஒரே நாளில் வெறும் காகிதமாகும் என்ற பயத்தோடு தமிழன் சரித்திரத்தைப் பார்த்த கோணம் இது. மேடை மாதிரி இல்லாமல் கல்லாப் பெட்டிக்குப் பின்னாலிருந்து.

தொங்கான் என்கிற பாய்மரக் கப்பலில் கடல் கடக்கும்போது புயல் பிடிக்கிற அத்தியாயம் பற்றி நான் எழுதப் போவதில்லை. படியுங்கள்.

சிங்காரம் சிங்கம்புணரிக்காரர். இந்தோனேசியாவில் இருந்துவிட்டு மதுரை திரும்பி பத்திரிகையில் வேலை பார்த்தார். எழுதிய நாவல் இரண்டு, இதுவும் 'கடலுக்கு அப்பால்' என்பதும். அவ்வளவுதான்.

ஏரிக்கரை:

அக்கா, நாவல் அற்புதம், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அது சரித்திர நாவலா? அவர் தன் கண்ணால் பார்த்த காலத்தை எழுதினார். சரித்திர நாவல் என்றால் எழுதுகிறவன் பிறப்பதற்கு முன்னால் நடந்ததாக இருக்க வேண்டாமா? இல்லையென்றால் எந்த நாவலையும் இந்த வரிசையில் சேர்த்துவிடலாம்.

பினாங்குக்காரி:

தம்பி, இந்த விதியை யார் போட்டார்கள்? 1812 போரைப் பற்றி எழுதிய டால்ஸ்டாய் 1828இல் பிறந்தவர், உங்கள் கணக்குக்குச் சரியாக இருக்கும். ஆனால் அவர் கேட்டது எல்லாம் அந்தப் போரில் நின்ற மனிதர்களின் வாய்வழிதான். சிங்காரத்துக்கு அந்த நடுவழி தேவைப்படவில்லை. காலம் முடிந்துவிட்டது, அந்தத் தமிழர்கள் கடை கட்டிவிட்டார்கள், அந்த மெடானும் இப்போது இல்லை. முடிந்துபோன ஒரு உலகத்தை, முடிந்துபோனது என்று தெரிந்தே எழுதினார். எனக்கு அது போதும்.

இன்னொன்றும் சொல்கிறேன். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்'. எங்கள் மலேசிய நாவல். 1942, 43இல் ஜப்பான் ராணுவம் தாய்லாந்திலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டது. அந்தப் பாதை என்றால் உலகத்துக்கு நினைவு வருவது வெள்ளைக்காரக் கைதிகளும் ஒரு ஹாலிவுட் படப் பாலமும். எஸ்டேட்டுகளிலிருந்து லாரி லாரியாக ஏற்றிப் போன தமிழர்கள் பற்றிப் பேச்சே இல்லை. கைதிகளுக்குக் கல்லறை வரிசை இருக்கிறது, பேர் செதுக்கி. எங்கள் ஆட்களுக்குப் பேர்ப்பட்டியல்கூட இல்லை. அ. ரெங்கசாமியும் இதே விஷயத்தை 'நினைவுச்சின்னம்' என்று எழுதியிருக்கிறார். பேர் இல்லாதவர்களுக்கு நாவலாசிரியர்கள்தான் பேர் வைத்தார்கள்.

மேற்குச்சுவர்:

அக்கா சொன்னதற்கு மேல் விதி பேச எனக்கு வாய் இல்லை. ஏரிக்கரை, நீங்களும் விட்டுவிடுங்கள்.

ஏரிக்கரை:

விட்டேன். ஆனால் புயலிலே ஒரு தோணி விஷயத்தில் என் கருத்து அப்படியே இருக்கிறது.

கரிசல்காடு:

தாமதமாக வருகிறேன். பூமணியின் 'அஞ்ஞாடி'யை யாருமே சொல்லவில்லையா? 2012இல் வந்தது, 2014க்கான அகாதெமி. இதுவும் குண்டுப் புத்தகம்தான், பூனையார் கழுத்தைப் பார்த்துக்கொள்ளவும்.

ஆண்டி, மாரி என்று இரண்டு சிநேகிதர்கள். ஒருவன் சம்சாரி (விவசாய) வேலை, ஒருவன் வெளுக்கிறவன். அவர்கள் வழியாக 1876-78 தாது வருஷப் பஞ்சம் வருகிறது, 1895 கழுகுமலைக் கலவரம் வருகிறது, 1899 சிவகாசிக் கொள்ளை வருகிறது. கழுகுமலைத் தேர் வீதியில் யார் ஊர்வலம் போகலாம் என்ற சண்டை, கோர்ட்டுக்குப் போய், கத்திக்கு வந்தது. என்னுடைய ஊர் அந்தப் பக்கம். இன்றைக்கும் அந்தப் பேச்சை எடுத்தால் பெரியவர்கள் குரலைத் தாழ்த்துவார்கள். பூமணி அதை எந்தக் கட்சிக்கும் வக்கீல் ஆகாமல் எழுதியிருக்கிறார். எனக்குத் தெரிந்து இரண்டு பக்கத்து ஆட்களுக்கும் அந்த நாவல் மேல் கொஞ்சம் கோபம் இருக்கிறது, அதனால் சரியாகத்தான் எழுதியிருக்கிறார் என்று எடுத்துக்கொள்கிறேன்.

படிக்கக் கஷ்டம்தான். கரிசல் பேச்சு பழகாதவர்களுக்கு முதல் நூறு பக்கம் முள்ளுக்காடு.

அப்படிக் கஷ்டப்பட முடியாதவர்களுக்கு எங்கள் நைனா இருக்கிறார். கி.ரா. (கி. ராஜநாராயணன்) எழுதிய 'கோபல்ல கிராமம்', 1976. ஒரு ராத்திரியில் முடித்துவிடலாம். தாகத்துக்குத் தண்ணீரில் இறங்கிய பெண்ணை, காதில் கிடக்கிற பாம்படத்துக்காகத் திருடன் தண்ணீருக்குள் அமுக்குகிறான். அவள் அவன் கால் பெருவிரலைக் கவ்வினவள் விடவே இல்லை. செத்த பிறகும் பல் விடவில்லை, அவன் அங்கேயே மாட்டிக்கொள்கிறான். ஊர்க்காரர்கள் கூடுகிறார்கள், என்ன தண்டனை என்று பேசுகிறார்கள். கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) ஆட்சி முழுதாக வந்து சேராத காலம். போலீஸ் இல்லை, கோர்ட்டு இல்லை, ஊரே கோர்ட்டு. கழுவில் ஏற்றுகிறார்கள். கி.ரா. அதைத் திருவிழா சொல்கிற குரலில் சொல்லிக்கொண்டே போவார், படிக்கிறவனுக்குத்தான் வயிற்றைப் பிசையும். ஆந்திரத்திலிருந்து ஆற்றைக் கடந்து ஓடிவந்த ஜனங்கள், காட்டைத் திருத்தி ஊர் ஆக்கி, நாலு தலைமுறையில் எப்படித் தண்டனை கொடுக்கிற ஊராக ஆனார்கள் என்று அதற்குள் இருக்கிறது.

பத்தாயம்:

அந்த விரல் கவ்வுகிற இடம்! பத்தாம் வகுப்பில் படித்தது, இன்றைக்கும் குளத்தில் இறங்கினால் ஞாபகம் வருகிறது.

தாதுப் பஞ்சம் என்றதால் சொல்கிறேன், இந்த வருஷம் நான் படித்த இன்னொன்று ஜெயமோகனின் 'வெள்ளை யானை', 2013. 1878 சென்னை. கடற்கரையில் ஐஸ்ஹவுஸ். பஞ்சத்தில் செங்கல்பட்டுச் சாலை ஓரம் ஜனங்கள் செத்துக்கொண்டிருக்கும்போது, அமெரிக்காவிலிருந்து கப்பலில் பனிக்கட்டி வருகிறது, துரைமார் குடிக்கிறதில் போட்டுக்கொள்ள. அந்தப் பனிக்கட்டியை உடைக்கிற தலித் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்கிறார்கள். பார்க்கிறவன் ஏய்டன் என்ற அயர்லாந்துக்காரன், தானும் பஞ்சம் பார்த்த நாட்டுக்காரன். அரசாங்க நிவாரண வேலையில் ஒரு ஆளுக்கு நாள் கூலி ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் என்று பஞ்சத்தைக் கவனிக்க வைஸ்ராய் அனுப்பிய டெம்பிள் துரை வைத்த கணக்கு உண்மையான கணக்கு. நாள் முழுதும் மண் வெட்டுகிறவனுக்கு. பக்கிங்காம் கால்வாயின் சென்னைப் பகுதி அப்படி வெட்டினது.

நாவலில் ஏய்டன் நிறைய யோசிக்கிறான், அளவுக்கு மேல். ஆனால் அந்த ஐஸ் கிடங்குக்குள் முதல்முறை நுழையும் இடம் இருக்கிறதே, படிக்கும்போது எனக்குக் கை சில்லிட்டது. இன்றைக்கு விவேகானந்தர் இல்லம் என்று பலகை மாட்டியிருக்கிற அதே கட்டடம். அந்தப் பக்கம் காற்று வாங்கப் போகிறவர்களுக்குத் தெரியுமா தெரியாது.

கீழமாசி:

ஐஸ்ஹவுஸ் என்றால் எனக்குப் பஸ் ஸ்டாப் மட்டும்தான். இனிமேல் அப்படி இருக்காது போல.

நூலகப்பூனை:

எல்லோரும் பஞ்சம், கழு, மரண ரயில் என்று போகிறீர்கள். சந்தோஷமாக முடிகிற சரித்திர நாவல் ஏதாவது உண்டா?

கரிசல்காடு:

'கடல் புறா' கையில் வைத்துக்கொண்டு கேட்கிற கேள்வியா இது?

வெளியூர்வாசகன்:

வேறு மொழிகளிலிருந்து வந்தவற்றைச் சேர்க்கலாமா? சேர்த்துவிடுகிறேன்.

மாஸ்தி வெங்கடேச ஐயங்கார் கன்னடத்தில் எழுதிய 'சிக்கவீர ராஜேந்திரன்'. குடகின் கடைசி ராஜா. 1834இல் கும்பினி அவனை இறக்கிவிட்டு நாட்டை எடுத்துக்கொண்டது. இது ராஜா நாவல்தான், பத்தாயம் கோபிக்கக் கூடாது. ஆனால் ராஜாவை வைத்துக்கொண்டு எப்படி ராஜா புகழ் பாடாமல் இருப்பது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. குடிகாரன், கொடுமைக்காரன், நொண்டிப் பசவனை நம்பி எல்லாவற்றையும் கெடுத்துக்கொள்கிறவன். அவனை வெறுத்துக்கொண்டே வருகிறோம், வெள்ளைக்காரன் உள்ளே வருகிற இடத்தில் யார் பக்கம் நிற்பது என்று தெரியாமல் தவிக்கிறோம். ஜனங்களே கதவைத் திறந்துவிடுகிற நிலை எப்படி வருகிறது என்பதை மாஸ்தி நிதானமாக, ஒரு தாத்தா சொல்கிற மாதிரிச் சொல்லிக்கொண்டே போகிறார். அந்த ராஜா பிற்பாடு லண்டன் போய் அங்கேயே 1859இல் செத்தான். அவன் பெண் கௌரம்மாவுக்கு விக்டோரியா ராணியே ஞானத்தாயாக நின்று ஞானஸ்நானம் நடந்தது. இதெல்லாம் கற்பனை என்று நினைத்துத் தேடிப் பார்த்தால் எல்லாம் நடந்தது.

இரண்டாவது ஓரான் பாமுக், 'என் பெயர் சிவப்பு', ஜி. குப்புசாமி தமிழில். 1591, இஸ்தான்புல், சுல்தானுக்குப் படம் வரைகிற நுண்ணோவியர்கள். தொடங்குவது கிணற்றுக்குள் கிடக்கிற பிணம் பேசுவதில். அப்புறம் நாய் பேசும், மரம் பேசும், நாணயம் பேசும், சிவப்பு நிறமே பேசும். கொலைகாரன் யார் என்பது ஒரு பக்கம். மேற்கத்திய ஓவியன் மாதிரி முகத்தை முகமாகவே வரைவது பாவமா இல்லையா என்று மனிதர்கள் கொலை வரை போவது இன்னொரு பக்கம். பாதியில் எனக்குக் கொலைகாரன் மேலிருந்த அக்கறையே போய்விட்டது, ஓவியம் என்னாகும் என்றுதான் தவித்தேன். கண்பார்வை போன ஓவியன்தான் உச்சம் தொட்டவன் என்று அவர்கள் நம்புகிற பகுதியை நான் இரண்டு தரம் படித்தேன்.

பத்தாயம்:

நான் ஏன் கோபிக்கப் போகிறேன். வாசலில் கும்பினி நிற்கும்போது உள்ளே குடித்துக்கொண்டிருக்கிற ராஜா என் விரதத்தில் சேரமாட்டான்.

புதுவரவு:

எல்லாவற்றையும் படித்தேன், தலை சுற்றுகிறது. இதுவரை பொன்னியின் செல்வன் மட்டும்தான் படித்திருக்கிறேன், அதுவும் ஆடியோவில். ராஜா இல்லாத நாவல் ஒன்றே ஒன்று படிக்க வேண்டும் என்றால் எது? ஆயிரம் பக்கம் என்னால் ஆகாது, அது மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

கரிசல்காடு:

கோபல்ல கிராமம். வேறு யோசனையே வேண்டாம்.

பினாங்குக்காரி:

கோபல்ல கிராமம் சரி. அதற்கடுத்து 'எரியும் பனிக்காடு' எடுத்துக்கொள்ளுங்கள் தம்பி. பி.எச். டேனியல் என்ற டாக்டர் வால்பாறை எஸ்டேட்டில் வேலை பார்த்தவர், ஆங்கிலத்தில் 1969இல் எழுதினார், இரா. முருகவேள் தமிழாக்கினார். கருப்பனும் வள்ளியும் மேஸ்திரி கொடுக்கிற முன்பணத்தை நம்பி மலை ஏறுகிறார்கள். வருஷக் கடைசியில் கணக்குப் பார்த்தால் கடன் கூடியிருக்கும், குறையாது. நீங்கள் பார்த்த 'பரதேசி' படம் இதிலிருந்து வந்ததுதான். எங்கள் மலாயா எஸ்டேட் கதையும் இதேதான், மேஸ்திரிக்குப் பதில் கங்காணி.

கடற்கரைச்சாலை:

ஆடியோவில் கேட்டுப் பழகினவர் என்றால் கி.ரா.வே சரி. அவர் எழுத்து கேட்பதற்கே செய்தது.

மேற்குச்சுவர்:

புத்தகக் கண்காட்சி ஜனவரியில் வருகிறது. அது வரை பொறுத்தால் கழிவு கிடைக்கும். 'சிக்கவீர ராஜேந்திரன்' மட்டும் கண்ணில் பட்டால் அப்போதே எடுத்துவிடுங்கள், அடுத்த தரம் இருக்கும் என்று நம்ப முடியாது. நேஷனல் புக் டிரஸ்ட் கடையில் அடித்தட்டில், தூசி பிடித்த வரிசையில்தான் தேட வேண்டும்.

புதுவரவு:

நன்றி எல்லோருக்கும். கோபல்ல கிராமம் ஆர்டர் போட்டுவிட்டேன். மேற்குச்சுவர் சார், அந்த உடையார்குடி கல்வெட்டைப் பொதுஜனம் போய்ப் பார்க்க முடியுமா? அடுத்த மாதம் சிதம்பரம் வருகிறேன்.

மேற்குச்சுவர்:

தாராளமாக. சிதம்பரத்திலிருந்து காட்டுமன்னார்கோயிலுக்கு பஸ் இருக்கிறது. கோயில் திறந்திருக்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள். மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள். சுவரில் சாய்வாக வெயில் விழுகிற நேரத்தில்தான் எழுத்து தெரியும், அதனால் சாயங்காலம் போவது நல்லது. எழுத்து மேல் சுண்ணாம்பு, மாவு எதுவும் பூசாதீர்கள், யார் சொன்னாலும்.